அப்பாவின் முட்டை வண்டிக்கு நான் பிளக் மாற்றிய கதை

சாவு வீட்டில் மூத்த மகனைப் போல வேலைவெட்டி இல்லாத ஆள் வேறு யாரும் கிடையாது. பந்தல் கட்ட ஆள் இருக்கும், சேர் இறக்க ஆள் இருக்கும், வருகிறவர்களுக்குக் காபித்தண்ணி ஊற்றிக் கொடுக்க நான் நீ என்று போட்டி இருக்கும். மூத்த மகன் மட்டும் மொட்டைத் தலையும் மேலுக்கு ஒரு துண்டுமாக ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, யார் கையை நீட்டினாலும் தன் கையைக் கொடுக்க வேண்டும். எழுந்தால் உட்காரச் சொல்வார்கள். தண்ணீர் மொள்ளப் போனால் சொம்பைப் பிடுங்கிக்கொள்வார்கள். கை இரண்டும் சும்மா கிடந்தால் மனுசனுக்கு என்னென்ன புத்தி வரும் என்பதற்கு நானே சாட்சி.

எனக்கு வந்த புத்தி, அப்பாவின் வண்டிக்கு பிளக் மாற்றுவது.

அப்பா ராசிபுரத்துப் பக்கம் கோழிப்பண்ணைகளில் முட்டை ஏற்றி, சேலத்துக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தவர். அவருடைய பிக்கப் வண்டியை ஊரில் எல்லாருக்கும் தெரியும். நம் பக்கத்தில் பிக்கப் என்றால் டீசல்தான், ஆனால் அப்பாவுடையது பெட்ரோல். சீட்டைத் தூக்கினால் அடியில் என்ஜின் இருக்கும். (அது டீசலாக இருந்திருந்தால் தீப்பொறி பிளக்கே இருந்திருக்காது, என் மானமும் தப்பித்திருக்கும்.) கிலோமீட்டர் காட்டும் முள் ரெண்டு லட்சத்துச் சொச்சத்தில் நின்றுபோய் வருசக்கணக்காகிறது. சரி பண்ணலாமே என்று கேட்டால், "அதுக்காவது வயசு ஏறாம இருக்கட்டும் உடு" என்பார்.

வேகம் என்கிற சமாச்சாரம் அவருக்கு அறவே ஆகாது. லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே ஓட்டம்தான். பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தாலும் அசைய மாட்டார். நான் முதன்முதலாக பைக் எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அவர் சொன்ன புத்திமதியும் அதுதான்: "பொறத்தால முட்டை இருக்கறாப்புல நெனச்சுக்கிட்டுப் போ."

அன்றைக்கும் சேலத்தில் லோடு இறக்கிவிட்டு வந்திருக்கிறார். சாப்பிட்டிருக்கிறார். கொஞ்சம் கண்ணசருகிறேன் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நான் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் கணக்கு எழுதுகிறவன். தகவல் வந்து, நான் பைக்கை முறுக்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மறுநாள் சாயங்காலம் கொள்ளி வைத்தேன். அதற்கு அடுத்த நாள் ஒன்றும் இல்லாத நாள். அதற்கும் அடுத்த நாள் காலையில் சாம்பலை எடுத்துக்கொண்டு பவானி கூடுதுறைக்குப் போக வேண்டும்.

இதில் எனக்கு இன்னொரு கூச்சமும் இருந்தது. நான் அழவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் என்னைக் கட்டிப் பிடித்து அழுகிறார்கள், என் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. பெற்ற அப்பனுக்கு அழத் துப்பில்லாதவன் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்துத் தோலே எரிந்தது.

அந்த ஒன்றுமில்லாத நாளில்தான் அம்மா என்னைக் கூப்பிட்டார். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது.

"அவரு வண்டியிலயே கொண்டு போயிருங்க சாமி. அடுத்தவங்க வண்டியில ஏறுனா அவருக்குக் குமட்டும்."

வாஸ்தவம். அப்பாவுக்குத் தானே ஓட்டினால்தான் ஒத்துக்கொள்ளும். கல்யாணத்துக்கு வேனில் கூட்டிப் போனால் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே வருவார். சாம்பலுக்குக் குமட்டுமா என்று அம்மாவிடம் எப்படிக் கேட்பது. அம்மா எங்களிடம் வேறு ஒன்றும் கேட்கவில்லை, அழுகைக்கு நடுவில் இந்த ஒன்றைத்தான் கேட்டார். நான் ஆகட்டும் என்றேன்.

சிக்கல் என்னவென்றால், வண்டி பிளக்கில் பொறி சரியாக விழாமல் மிஸ்ஸிங் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக சேரும் பாத்திரமும் ஏற்றி இறக்கும்போதெல்லாம் இருமி இருமித்தான் நகர்ந்தது. என் சித்தப்பா மகன் பிரகாஷ் நல்ல மெக்கானிக். ஆனால் அவன் பங்காளி. கருமாதி முடிகிற வரைக்கும் தீட்டு, தொழில் சாமானைத் தொடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி, அவனும் பட்டறையைப் பூட்டிவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். சத்தத்தைக் கேட்டுவிட்டு, "மிஸ்ஸிங்தாண்ணா. அதுபாட்டுக்குப் போயிட்டு வந்துரும், உட்ருங்க" என்றான்.

நான் விட்டிருக்கலாம். ஆனால் வண்டியின் டேஷ்போர்டைத் திறந்து பார்த்தபோது உள்ளே பிரிக்காத புது பிளக் டப்பா இருந்தது. நாலு பிளக். அப்பா வாங்கி வைத்து, மாட்ட நேரமில்லாமல் போய்விட்டிருக்கிறார். அதைப் பார்த்ததும் இது எனக்கென்றே விட்டுவிட்டுப் போன வேலை என்று தோன்றிவிட்டது. ஸ்பேனரைத் தொடக் கூடாது என்ற கட்டுப்பாடு பிரகாஷுக்குத்தான். எனக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. (நான் ஸ்பேனரைத் தொடுவேன் என்று எந்தப் பெரியவரும் கனவில்கூட நினைத்திருக்க மாட்டார்.)

மத்தியானம் எல்லாரும் பந்தலில் அசந்து தூங்கும்போது, போனில் ஒரு வீடியோவைப் போட்டுக்கொண்டு சீட்டைத் தூக்கினேன். வீடியோவில் ஒருவர் சிரித்த முகமாக, கைகூட அழுக்காகாமல், காபி ஆறுவதற்குள் நாலையும் மாற்றிவிட்டார். எனக்கு முதல் பிளக்கைக் கழற்றுவதற்குள் மொட்டைத் தலையிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. தலையில் முடி எதற்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. போன் என்ஜின் சந்துக்குள் விழுந்தது. அதை எடுக்கப் போய் கை மாட்டிக்கொண்டு விரல் கிழிந்தது. அந்த வீடியோக்காரர் உள்ளே இருந்து சிரித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்.

எப்படியோ நாலும் வெளியே வந்தன. வரிசையாக வைத்துப் பார்த்தேன். நாலும் நாலு வயது. ஒன்று கரிக்கட்டை மாதிரி, ஒன்று துருப்பிடித்து, ஒன்று பரவாயில்லை, ஒன்று கிட்டத்தட்டப் புதுசு. எது கெட்டுப் போனதோ அதை மட்டும் மாற்றி மாற்றியே இத்தனை வருசம் ஓட்டியிருக்கிறார். முதல்தடவையாக நாலையும் சேர்த்து மாற்றலாம் என்று நினைத்திருக்கிறார், அதற்குள் போய்விட்டார். அப்போதுகூட எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

அந்தக் கோபத்தோடு புதுசை மாட்ட ஆரம்பித்தேன். மூன்று நன்றாக ஏறின. நாலாவது உள்ளே தள்ளி இருந்தது, கண்ணுக்கே தெரியவில்லை. தடவித் தடவி வைத்துத் திருகினேன். பாதியில் இறுகிக்கொண்டது. வீடியோக்காரர் ஏதோ சொல்லியிருப்பார், ஆனால் நான் அவரை ஏற்கெனவே அணைத்துவிட்டிருந்தேன். இறுகினால் நல்லதுதானே, கழன்று போகாது என்று நினைத்து, ஸ்பேனரில் ஒரு குழாயை மாட்டி, மூச்சைப் பிடித்து ஒரு திருகு திருகினேன். நறநறவென்று ஒரு சத்தம் கேட்டது. பல்லைக் கடித்தது நானா வண்டியா என்று நின்று பார்க்கவில்லை. பிளக்கின் திருகு மரை தப்பி ஏறி, ஓட்டையில் இருந்த மரையையும் அரைத்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஸ்டார்ட் பண்ணினேன். மிஸ்ஸிங் போயே போச்சு. சத்தம் கேட்டுப் பந்தலில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். அம்மாவும் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். எனக்கு அந்த இரண்டு நாளில் முதல்தடவையாகக் கொஞ்சம் சோறு இறங்கியது.

மறுநாள் காலையில் சுடுகாட்டிலேயே சாம்பலைப் புதுப் பானையில் எடுத்து, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி, அங்கிருந்தபடியே கிளம்பினோம். நான் ஓட்டினேன். காரியம் செய்கிறவன் ஓட்டலாமா என்று ஒரு பேச்சு வந்தது. அது என் அப்பா வண்டி என்று சொல்லி ஏறிவிட்டேன். பக்கத்து சீட்டில் அம்மாவின் தம்பி, என் மாமா, பானையை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் பிரகாஷும் பங்காளிகள் மூன்று பேரும்.

வண்டி வெண்ணெய் மாதிரி போனது. வையப்பமலை தாண்டியதும் மாமாவுக்கே வாய் நிற்கவில்லை. படிச்சவன் படிச்சவன்தான், மச்சான் இருந்து பார்க்காமல் போயிட்டாரே என்று பானையைப் பார்த்துச் சொன்னார். நான் பெருமையை வெளியே காட்டாமல் ரோட்டைப் பார்த்தேன். (துக்கத்தில் இருக்கிறவன் முகத்தில் பெருமை தெரிந்தால் அசிங்கம்.) திருச்செங்கோடு நெருங்கும்போது அடியில் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. புது பிளக் அல்லவா, பழகுகிறது போல என்று மாமாவுக்கு விளக்கம் வேறு சொன்னேன். லேசாகப் பெட்ரோல் வாசம் வந்தது. அதற்கும் ஒரு விளக்கம் சொன்னேன்.

திருச்செங்கோடு தாண்டிக் குமாரபாளையம் ரோட்டில் ஒரு மேடு ஏறும்போது சீட்டுக்கு அடியில் டமார் என்று வெடித்தது. நாலாவது பிளக், இருந்த கொஞ்சநஞ்ச மரையையும் பிய்த்துக்கொண்டு, வேட்டு மாதிரி கிளம்பி, மாமா உட்கார்ந்திருந்த சீட்டின் அடித்தகரத்தில் மோதிவிட்டது. மாமா பானையை நெஞ்சோடு அணைத்தபடி எழும்பி, தலை கூரையில் இடித்து, மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தார். பானைக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னாலிருந்து ஒரு பங்காளி, இங்க வந்து எவன்டா வேட்டு போடறவன் என்று திட்டுவது கேட்டது. அப்பாவின் ஊர்வலத்தில் பொடியன்கள் அவ்வளவு வேட்டு போட்டிருந்தார்கள், அந்த ஞாபகம்.

வண்டியை ஓரம் கட்டினேன். பிரகாஷ் வந்து சீட்டைத் தூக்கிப் பார்த்தான். ஓட்டையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என் விரலில் போட்டிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தான். அவனுக்குக் கேட்பதற்கு ஒன்றும் மீதி இல்லை.

மூன்று பிளக்கிலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாமா என்று கேட்டேன்.

"ஓட்டை வழியா பெட்ரோல் கக்கும்ணா. சூட்டுல குப்புனு புடிச்சுக்கும்" என்றவன், குரலைத் தணித்து, "பெரியப்பனை இன்னொருக்கா எரிக்கோணுமா?" என்றான்.

சொல்லிவிட்டு அவனே வாயைப் பொத்திக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று கடைசி வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. கூடுதுறையில் காரியம் செய்கிற ஐயர் போன் மேல் போன் போட்டார். மாமா ஒரு வாடகைக் கார் பிடித்துவிடலாம் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் எனக்கு அம்மா முகம்தான் முன்னால் நின்றது. உயிரோடு இருந்தவரைக்கும் அந்த மனுசனுக்கு நான் பெரிதாக ஒன்றும் செய்து கிழித்துவிடவில்லை. அம்மா கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் நானே உடைத்து வைத்திருக்கிறேன். மாட்டேன், இந்த வண்டியில்தான் போக வேண்டும் என்று நடுரோட்டில் நின்றுகொண்டு சின்னப் பையன் மாதிரி அடம் பிடித்தேன். வேண்டுமானால் பவானி வரைக்கும் தள்ளிக்கொண்டே போகலாம் என்றேன். பங்காளிகள் மூன்று பேரும் ரோட்டைப் பார்த்தார்கள், அது போய்க்கொண்டே இருந்தது.

அப்போதுதான் ஒரு ரிக் லாரி எங்களைத் தாண்டிப் போய், நின்றது. போர் போடுகிற வண்டி, திருச்செங்கோட்டுப் பக்கம் திரும்பின இடமெல்லாம் நிற்கும். டிரைவர் இறங்கி வந்து எங்கள் வண்டியை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார்.

"இது அந்த முட்டை வண்டிதானுங்க? எத்தன தடவ இதும் பொறத்தால ஹாரன் அடிச்சிருப்பேன், ஒருக்காகூட வழி உட்டதில்லீங்க அந்தப் பெரியவரு" என்றார். "எங்கீங்க அவரு?"

மாமா பானையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.

டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பானையைக் கும்பிட்டார். பவானி வழியாகத்தான் போகிறேன், கட்டி இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடுகிறேன் என்றார். லாரியிலிருந்து வண்டி இழுக்கிற டோச்சன் கம்பி எடுக்கப் போனவரை நிறுத்தி, பிரகாஷ் எங்கள் சீட்டுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் கயிற்றை எடுத்தான். முட்டை அட்டைகளைச் சேர்த்துக் கட்டுகிற கயிறு. அதை நாலு மடிப்பாகப் போட்டு முடிந்தான். அப்பாவின் வண்டி வாழ்நாளில் முதல்தடவையாக ஒரு லாரிக்குப் பின்னால் போனது.

இழுபடுகிற வண்டியை ஓட்டியவர்களுக்குத் தெரியும், அதில் ஓட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கயிறு தொய்யாமல் பிரேக்கை அளந்து அளந்து மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். என்ஜின் சத்தம் இல்லாததால் வண்டிக்குள் இருந்த மற்ற சத்தமெல்லாம் கேட்டது. பின்பக்கத் தகரம் அடித்துக்கொள்வது, கண்ணாடியில் வேப்பிலையோடு கட்டியிருந்த சாமிக் காசு ஆடுவது. சீட்டில் அப்பா உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்திருந்தது. நான் அந்தப் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருந்தேன். பிரேக் கட்டையின் ரப்பர் அவர் கால் பட்ட ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தது, என் கால் தானாக அந்த ஓரத்துக்கே போனது. ரிக் லாரிக்காரர், எங்களுக்காகத்தானோ பானைக்காகத்தானோ, அப்படியே அப்பாவின் ஓட்டத்தில் போனார். பின்னால் வந்த வண்டியெல்லாம் ஹாரன் அடித்தன. யாரும் வழி விடவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று நாள் அழுகை மொத்தமாக வந்தது. ரோடே தெரியவில்லை, வாயைக் கோணிக்கொண்டு, மூக்கு ஒழுக, சத்தம் போட்டு அழுதேன். மாமா என் பக்கம் திரும்பவில்லை. பானையைக் கட்டிப் பிடித்தபடி முன்னால் போகும் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழுவு மாப்ள" என்றார். "பிரேக்கை மட்டும் உட்றாத."

நான் அழுதுகொண்டே பிரேக்கை மிதித்தேன்.

கூடுதுறைக்குத் திரும்புகிற சந்துக்குள் லாரி நுழைய முடியாது. கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, டீக்குக்கூட நிற்காமல் டிரைவர் போய்விட்டார். மீதித் தூரம் பிரகாஷும் மூன்று பேரும் பின்னால் நின்று தள்ளினார்கள். தூக்குவதற்கு நாலு பேர் வேண்டும் என்பார்கள், அப்பாவுக்குத் தள்ளுவதற்கும் நாலு பேர் தேவைப்பட்டார்கள். ஐயர் கடிகாரத்தைக் காட்டிக் கோபித்துக்கொண்டார். நான் ஆற்றில் இறங்கிப் பானையைத் தோளுக்குப் பின்னால் விட்டேன். தண்ணீர் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அது எனக்கு ஒரு ஆறுதல்.

வண்டியை அங்கேயே ஒரு பட்டறையில் விட்டுவிட்டு வேறு வண்டியில் வீடு திரும்பினோம். சர்வீசுக்கு விட்டிருக்கிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார், அவருக்குக் குமட்டியிருக்காதல்ல என்று. இல்லம்மா, முட்டை லோடு வேகத்தில்தான் போனோம் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆனால் பிரகாஷுக்கு வாய் சும்மா இருக்குமா. கருமாதி முடிந்து, எல்லாரும் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது ஆரம்பித்துவிட்டான். மாமா எழும்பிக் கூரையில் இடித்ததை நடித்துக் காட்டினான். ரிக் டிரைவர் எங்கீங்க அவரு என்று கேட்டதையும் மாமா பானையைத் தூக்கியதையும் நடித்துக் காட்டினான். "பெத்த அப்பனைக் கயிறு கட்டி இழுத்துட்டுப் போன ஒரே மகன் எங்கண்ணன்தான்" என்று முடித்தான். சிரிக்கலாமா கூடாதா என்று எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, மொட்டை வேறு.

அம்மா கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார்.

"எத்தன லாரியைப் பொறத்தால நிக்க வெச்ச மனுசன்" என்றார். "கடைசில லாரிக்காரனே மெதுவா கூட்டிட்டுப் போயிருக்கான் பாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், எந்த இடத்தில் அழ ஆரம்பித்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

வண்டியைப் பிரகாஷ் சரி செய்து, இப்போது அவன்தான் முட்டை ஓட்டுகிறான். என்னை ஸ்பேனர் இருக்கும் பக்கமே விடுவதில்லை. யார் வீட்டு விசேசமாக இருந்தாலும் புதிதாக வந்த மருமகனுக்கோ மருமகளுக்கோ இந்தக் கதையைச் சொல்லித்தான் என்னை அறிமுகம் செய்கிறார்கள்.

நான் மாதத்தில் ஒரு தடவையாவது அம்மாவைப் பார்க்கப் போய்விடுவேன். திரும்பக் கிளம்பும்போது அம்மா வாசல் வரைக்கும் வருவார். மற்ற வீட்டில் பத்திரம் என்பார்கள், போனதும் போன் பண்ணு என்பார்கள். எங்கள் வீட்டில் அது இல்லை.

"கயிறு எடுத்துக்கிட்டியா சாமி?"

எடுத்துக்கிட்டேம்மா என்பேன். பைக்கில் வந்தவனிடம் கயிறு ஏது.

"அப்ப சரி. பொறத்தால முட்டை இருக்கறாப்புல நெனச்சுக்கிட்டுப் போ" என்பார்.

சேலம் ரோட்டில் லாரிகள் ஹாரன் அடிக்கின்றன. நான் மெதுவாகத்தான் போகிறேன்.